ஏரிக்கரையில் மரம் இல்லை

போன மாதம் மகளோடு காரில் சேலம் போனேன். நான்கு வழிச் சாலை. பக்கத்தில் மரமும் இல்லை, வீடும் இல்லை. தூரத்து மலை மட்டும் கூடவே வந்தது. வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாட்டு வண்டியாட்டம் ஓட்டற?" என்று கேட்டேன்.

மகள் சிரித்தாள். "அந்த முள்ளப் பாரும்மா. நூறத் தாண்டிப் போறன்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் எண் தெரியும். எட்டிப் பார்த்தேன். முள் நூறைத் தாண்டித்தான் இருந்தது. அதற்குப் பிறகு சேலம் வரும்வரை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேகத்துக்குப் பயந்துவிட்டேன் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது இது. அம்மாவின் தம்பி, என் மாமா, லாரி ஓட்டினார். கடலை மூட்டைகளை மொரப்பூர் ரயிலடிக்குக் கொண்டுபோவார். அந்த லாரியில் வேகம் காட்டும் முள் எப்போதோ செத்து, பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. மாமாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சாலையோரம் பழைய புளியமரங்கள் வரிசையாக நிற்கும். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே 'ஒண்ணு, ரெண்டு' என்று நிதானமாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. 'ஒண்ணு' சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மரம் வந்துவிட்டால் காலை எடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் கூடப் போவேன். எண்ணுவது என் வேலை. "இவதான் என் மீட்டரு" என்று மாமா டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லுவார். கடைக்காரர், "ஏம்மா மீட்டரு, உங்க மாமன் டீயில எத்தன கரண்டி சக்கர போட்டான், எண்ணுனியா?" என்பார். எங்கள் தெருவில் லாரி முன்சீட்டில் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். எனக்குத் தலைகால் புரியாது.

அன்றைக்கு மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஓர் ஏரி. அதன் கரைமேல் சாலை நேராகப் போகும். அங்கே மட்டும் மரம் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல் வயல். எண்ண எதுவும் இல்லாமல் நான் வாயை மூடினேன். வண்டி அசையாமல் இருப்பது போலிருந்தது.

"மாமா, வண்டி நின்னு போச்சா?"

"ஊருதுடி. காலி வண்டிக்கு என்னா கேடு வந்துச்சோ" என்று காலை அழுத்தினார். தண்ணீர் அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினார்.

கரை முடிகிற இடத்தில் முதல் புளியமரம் திடீரென்று முகத்துக்கு நேரே வந்தது. அதனடியில் ஒருவர் புல்லுக்கட்டு வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மாமா பிரேக்கின் மேல் ஏறி நின்றார். வண்டி ஒருவழியாக நின்ற பிறகும் புல் காற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த சைக்கிள்காரருடைய மனைவி சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். அதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

ஏட்டு வந்து விசாரித்தார். "பறந்து வந்துச்சுங்க. நா கண்ணால பாத்தங்க" என்றாள் அவள். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "மெதுவாத்தாங்க வந்தன்" என்று அழுதார். அவரும் மனசறிந்து பொய் சொல்லவில்லை.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு."

"ஊந்துக்கிட்டுதாங்க வந்துச்சு. நின்னு போச்சான்னு நானே கேட்டங்க."

என் வாயில் பொய் வராது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர், "கொழந்த பொய் சொல்லுங்களா?" என்றார். அந்தப் பேச்சோடு விசாரணை முடிந்தது. பார்க்காமல் குறுக்கே வந்தது செத்தவர் தப்பு என்று எழுதிக்கொண்டார்கள். புருஷன் செத்த மயக்கத்தில் அவள் ஏதோ உளறுகிறாள் என்றார்கள். மகளின் காரில் ஏறுகிற வரைக்கும் நான் சொன்னதை மெய்யென்றே வைத்திருந்தேன்.

கூட்டம் கலையும்போது அவள் என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்து, "நீ எங்கருந்து பாத்த கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

அதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"முன்சீட்டுலருந்து" என்றேன், பெருமையாகவே.