ஓடையை மறித்த தண்டவாளம்

நான் முட்டாள் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் சொல்லிக் கேட்பதைவிட அது கொஞ்சம் கௌரவம்.

திருச்சுழிப் பக்கம் ஒரு சரக்கு ரயில் கம்பெனி இடம் தேடியது. லாரியில் வரும் கரிமூட்டை, பருத்திப் பொதிகளை ரயிலில் ஏற்ற, பெரிய லைனிலிருந்து ஒரு கிளைத் தண்டவாளம் போட வேண்டும். உள்ளூர்க்காரன் என்று என்னை வேலைக்கு வைத்து மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். பாதுகாக்க உள்ளே எதுவும் இல்லை என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் கண்மாய்க்குக் கிழக்கே, கருவேலங்காட்டு நடுவில் நீளமாகக் கிடந்த பள்ளத்தைக் காட்டினேன்.

"மழை பெஞ்சா இதுல தண்ணி வருமா? தண்டவாளக் கரைக்கு அடியில குழாய் வைக்கணுமா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"நான் இதுல ரன்னுதான் சார் ஓடியிருக்கேன். தண்ணி ஓடிப் பாத்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். குழாய் வைக்கவில்லை.

அது கண்மாய்க்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். மழை மறந்த வருஷங்களில், அங்கே கிரிக்கெட் ஆடி ஆடி, நானும் அதை மறந்திருந்தேன்.

கம்பெனி மளமளவென்று வளர்ந்தது. முதலில் ஒரு தண்டவாளம், அப்புறம் கொட்டகை, எடைமேடை, இரண்டாவது தண்டவாளம். ஒவ்வொன்றுக்கும் மண் கொட்டிக் கரை நீண்டது. வீரசோழன் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும், நான் பார்த்துக் கொடுத்த இடம் என்று ஜன்னல் வழியே காட்டுவேன்.

இந்த ஐப்பசியில் மழை கொட்டியது. கரைக்குக் கிழக்கே கருவேலங்காடு இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மேற்கே, கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது. கண்மாயை நம்பி என் அண்ணன் புழுதியில் விதைத்த நெல், முழங்கால் உயரம் வந்து மஞ்சளடிக்கத் தொடங்கியது.

ஒரு நாள் காலையில் அண்ணன் மண்வெட்டியோடு கரைமேல் வந்து நின்றார். கரையை வெட்டினால் ரயில் கவிழும். மோட்டார் வைக்கலாமென்றால், தண்டவாளத்துக்குக் குறுக்கே ஹோஸ் போட விடமாட்டார்கள்.

"என்னலே, அம்புட்டுத் தண்ணியும் இங்கன நிக்கிது?"

"ரயில் பாக்க வந்திருக்கும்ணே."

என் வேடிக்கைக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவர் அவர்தான். அன்று சிரிக்கவில்லை. இன்ஜினியரிடம் நான் சொன்ன பதிலை அவரிடம் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"குழாய் பதிக்கச் சொல்லி மேல எழுதிக் குடுத்திருக்கேண்ணே. அடுத்த வருஷத்துக்குள்ள வச்சிருவாக."

அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுவரைக்கும் நெல்லக் காத்திருக்கச் சொல்லு."