கண் பரிசோதகரின் நான்கு காதலிகள்

முனையிலிருக்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவருக்கு ஒரே நேரத்தில் நான்கு காதலிகள் என்று மேல்மாடிக்காரர் சொன்னார். அவருக்குச் சொன்னது சலவைக் கடை அம்மாள். அந்த அம்மாள் தன் காதாலேயே கேட்டாராம். துணி இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமோ போனில், வயலின்காரி நேற்று அழுதுவிட்டாள், நீச்சல்காரி பிடித்திருக்கிறது என்று சொல்லியே விட்டாள், பேக்கரிப் பெண் மூன்று வாரமாக முகம் கொடுக்கவில்லை, கணக்கு எழுதுகிறவள்தான் பாவம் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்தாராம். கூச்சநாச்சமே இல்லையாம்.

அடுத்த நாள்தான் அவரிடம் நான் கண்ணைக் காட்ட வேண்டும். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் தெரிந்த முகங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அப்படிப்பட்ட ஆளோடு இருட்டு அறையில் உட்காருவதா என்பது ஒரு கவலை. கண் பரிசோதனையில் தப்பான பதில் சொல்லிவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய கவலை.

போய்ப் பார்த்தால், காதல் மன்னனுக்குரிய ஒரு அடையாளமும் அவரிடம் இல்லை. முப்பத்தாறு வயது இருக்கும். கோடு போட்ட முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் சின்ன டார்ச், மூக்கில் அவருக்கே ஒரு தடித்த கண்ணாடி. தெருவில் அவருக்குப் பெயர் ‘ஒண்ணா ரெண்டா’. நம் முகத்தில் ஒரு கனத்த வட்டச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, “ஒண்ணாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?” என்று நாளெல்லாம் கேட்கிற வேலை. கேட்கும்போது குரலில் அவசரம் இருக்காது. “நிதானமாப் பாருங்க சார், எழுத்து எங்கயும் ஓடிடாது” என்பார்.

மேஜையில் லென்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையில் ஒரு குடை, அதன் கீழே முழிபிதுங்கும் ஒரு பையன், அவனை நெருக்கிக்கொண்டு நான்கு பெண்கள். ஒருத்தி கையில் வயலின், ஒருத்தி தலையில் நீச்சல் தொப்பி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை அடக்க முடியாமல் சலவைக் கடைச் சேதியைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

“நாலு இல்ல சார். பதினாறாம் புத்தகத்துல அஞ்சாவதா ஒருத்தி வந்துட்டா” என்றார்.

போனின் மறுமுனையில் இருந்தது அவருடைய அக்கா. வேறு ஊரில் பேருந்து ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். புதன்கிழமைதோறும் இந்தப் படக்கதையின் புது அத்தியாயம் வரும். அக்காவும் தம்பியும் தனித்தனியே படித்துவிட்டுப் போனில் சண்டை போடுவார்கள். அக்கா நீச்சல்காரி கட்சி. தம்பி எந்தக் கட்சியிலும் சேராதவர். “எல்லாருமே நல்லவங்கதானேக்கா” என்பாராம். வாக்குச்சீட்டில் எல்லாப் பெயருக்கும் முத்திரை குத்துகிற ஆள் நீ என்று அக்கா திட்டுவாராம்.

முதல் புத்தகத்தை என் கையில் திணித்தார். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் இது ஒரு தனி வகை. ஹேரம் என்று பெயர். ஒரு சாதாரணப் பையன் இருப்பான். அவனைச் சுற்றி நான்கைந்து பெண்கள். எல்லோருக்கும் அவன்மேல்தான் கண். இந்தக் கதையில் பையன் குடை பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மழைக்கு ஒதுங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக மேல்மாடிக்குக் குடிவந்துவிடுகிறார்கள். மழை விட்டபிறகும் யாரும் கிளம்புவதில்லை. இரண்டு நாளில் மூன்று புத்தகம் முடித்தேன். வாசலில் தடுக்கி விழுவதும், காய்ச்சலில் உளறுவதும், ஒரே அலமாரிக்குள் மூன்று பேர் ஒளிந்துகொள்வதுமாக ஒரே கூத்து. விழுந்து விழுந்து சிரித்தேன்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவரிடமே ஒருநாள் கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். அந்தப் பையன் அழகனில்லை, கெட்டிக்காரனில்லை. உடைந்த குடையைத் தூக்கிப் போடாமல் சரிசெய்து கொடுப்பான், அவ்வளவுதான். அதைக் கவனிக்க நான்கு பேர் இருக்கிறார்கள். நல்லபடியாக வேலை பார்த்தால் யாராவது கவனிப்பார்கள் என்பது நாளெல்லாம் இருட்டு அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெரிய ஆறுதல். “அப்புறம், அதுல யாரும் யாரையும் விட்டுட்டுப் போறதில்ல சார்” என்றார்.

ஆனால் அவரை நிஜமாகவே கவனித்த ஒருத்தி பின்னறையில் இருந்தாள். லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி எறிவாள் என்பதால் கடையில் அவளுக்கு ‘அரைமில்லி’ என்று பெயர். அவரோடு பேச ஏதாவது வேண்டுமே என்றுதான் அவளும் புத்தகங்களை வாங்கிப் போனாள். படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு குற்றப்பத்திரிகையும் வரும். கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு மைனஸ் ஆறு பவர் கண்ணாடியாம். அப்படியானால் கண்ணாடிக்குள் கன்னத்தின் ஓரம் உள்ளே தள்ளித் தெரிய வேண்டாமா, வரைந்தவன் கண்ணாடி போட்ட முகத்தையே பார்த்ததில்லை என்றாள். குளியலறைக் கதவு தற்செயலாகத் திறந்துகொள்கிற பக்கங்களைக் கணக்கெடுத்து, அந்த வீட்டுக்கு முதலில் ஒரு தச்சரைக் கூப்பிடச் சொன்னாள். அவரும் அந்தப் பக்கங்களைப் பேருந்தில் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் படிப்பார்.

“நீச்சல்காரி பதினோராம் புத்தகத்துக்கு அப்புறம் தண்ணியில கால் வைக்கவே இல்ல, கவனிச்சீங்களா?” என்று ஒருநாள் கேட்டாளாம். “போட்டிக்குப் போகல. பயிற்சிக்குப் போகல. இவன் எப்போ வாயைத் திறப்பான்னு மாடியில உட்கார்ந்திருக்கா. உங்களுக்கு அது தமாஷா இருக்கு. எனக்கு அவ தோள்பட்டைதான் கவலை.”

இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. கடை முழுக்கத் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்தேன். தெரிந்துதான் இருந்தது. சொன்னால் ஏதாவது மாறிவிடும். சொல்லாதவரை அவள் தினமும் வருவாள், திட்டுவாள், புத்தகம் கேட்பாள். மனிதர் அந்தக் கணக்கில் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார்.

போன வியாழக்கிழமை ஒன்பதாம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆள் பேயறைந்த மாதிரி இருந்தார். அரைமில்லிக்கு வேறு ஊரில் ஒரு பெரிய லென்ஸ் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லவேண்டும். அவள் நேராக இவரிடம் வந்து, “நான் போறதுல உங்களுக்கு ஏதாவது இருக்கா, இல்லையா?” என்று கேட்டுவிட்டாள். இவரும் சற்றும் தடுமாறாமல், “நீங்க எங்க இருந்தாலும் சந்தோஷமா இருந்தா, எனக்கு அதுவே போதும்” என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது தன் குரலே தனக்குப் பிடித்திருந்ததாம்.



“ஏழாம் புத்தகம், நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்” என்றாள். “அந்தக் குடைக்காரனை நான் கேட்கல. உங்களைக் கேட்டேன்.”

அன்றே இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நடந்ததை அக்காவிடம் சொன்னார். அக்கா சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, அந்தக் குடைக்காரன் பதில் சொல்லாம இருந்தா நமக்குப் புதன்கிழமை பொழுது போகும். நீ சொல்லாம இருந்தா எனக்குத் தம்பி பொண்டாட்டி போயிடுவா. வேற வித்தியாசம் ஒண்ணுமில்ல.”

அப்போதும் அவர் அவளைப் போனில் கூப்பிடவில்லை. சரியான வார்த்தை கிடைக்கட்டும் என்று வெள்ளிக்கிழமையையும் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை காலை எனக்கு மறுபரிசோதனை. இரண்டு மாதமாகப் புதுக் கண்ணாடியோடு தலைவலி. போய்ச் சொன்னால் அவர் மனம் புண்படுமோ என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு லென்ஸ் செருகினார்.

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்றேன்.

திரும்பவும் மாற்றினார். திரும்பவும் அதையே சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, தன் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

“போன தடவையும் இதையேதான் சார் சொன்னீங்க. அதுதான் தலைவலி. ரெண்டும் ஒண்ணுன்னு நீங்க சொன்னா நான் பழைய லென்ஸையே விட்டுடுவேன். எனக்கு நோகும்னு பார்க்காதீங்க. எனக்கு ஒண்ணும் நோகாது. நீங்கதான் அதைப் போட்டுக்கிட்டு நடக்கணும். எது தெரியுதோ அதைச்...”

அதோடு நின்றுவிட்டார். எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில் அவர் வாய் திறந்தபடி இருப்பது எனக்கு ஒற்றைக் கண்ணில் தெரிந்தது.

“ரெண்டாவது” என்றேன், எங்கிருந்தோ வந்த தைரியத்தில்.

“ம்” என்றாரே தவிர எழுதவில்லை. “மணி என்ன சார்?”

“பதினொண்ணு அம்பத்தொண்ணு.”

போனை எடுத்தார். திரையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார்.

“‘இருக்கு’ன்னு சொல்லணும்” என்றார், என்னைப் பார்த்து.

“ஆமா.”

“அவங்க கேட்டது அதுதானே. இருக்கா, இல்லையான்னு.”

“அதேதான்.”

“முன்னாடி ஏதாவது சேர்க்கணுமா?”

“வேண்டாம். நீங்க சேர்த்தா பக்க எண் சொல்லிடுவாங்க” என்றேன்.

சிரித்துக்கொண்டே எண்ணை அழுத்தினார். எங்கே கைதவறிக் கீழே போட்டுவிடுவோமோ என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை லென்ஸ் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். மணி அடித்தது. முகத்தில் அந்தக் கனத்த சட்டத்தோடு நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்து வரவேண்டியவர் கதவைத் தட்டினார். மூன்றாவது மணி. நான்காவது மணி. பலகையின் கடைசி வரி, இதுவரை நான் படித்தே இராத வரி, ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகத் தெரிந்தது. அதை இப்போது சொல்வது முறையா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.