பன்னிரண்டாம் தேதி வரை

அந்தச் சீட்டு உள்ளங்கை அகலம்கூட இருக்காது. மேலே நர்சிங் ஹோமின் பெயர், அதன் கீழே நோயாளியின் பெயர், கடைசி வரியில் அடுத்து வரவேண்டிய தேதி. ரிப்பன் தேய்ந்த அச்சுப்பொறியில் எழுத்துகள் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தன. அந்தத் தேதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் வேறொரு தேதியைக் கையால் எழுதியிருந்தார் சிஸ்டர். அப்படி ஒன்றல்ல, எனக்குக் காட்டவென்று இன்னொரு பிரதி எடுத்துவைத்த ஒரு கற்றைச் சீட்டு. ரப்பர் பேண்டைக் கழற்றி, சீட்டு விளையாடுகிறவர்போல என் முன்னால் ஒவ்வொன்றாகப் பரப்பினார். நான் அவற்றைப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. செங்கல்பட்டுக்குத் திரும்பும் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு சிறிய நர்சிங் ஹோமில் அவர் பதினொரு வருடமாக வேலை பார்த்துவந்தார். ஊசி போடுவது, பிரசவத்தில் கூட நிற்பது, வாசலில் பெயர் எழுதுவது எல்லாம் அவர்தான். கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் உட்கார வைக்கப்பட்டவரும் அவரே. நாற்பது வயதுக்குமேல் இரண்டு விரலால் தட்டக் கற்றுக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய மென்பொருள் நாங்கள் செய்தது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி, நான், இன்னும் இரண்டு பேர். சுற்றுவட்டாரத்தில் எட்டு மருத்துவமனைகளுக்கு நோயாளிகளின் விவரத்தைப் பதிந்துவைக்கும் அந்த மென்பொருளைக் கொடுத்திருந்தோம். இரண்டாயிரம் பிறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

மென்பொருள் எழுதுவது வேலையில் பாதிகூட இல்லை என்பது சேர்ந்த மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. மீதி முழுக்கப் பஸ் பயணம். மென்பொருளை ஆறு பிளாப்பி வட்டுகளில் ஏற்றிக்கொண்டு போவேன். போய்ச் சேர்ந்ததும் நான்காவது பிளாப்பி படிக்க மறுக்கும். திரும்பி வந்து புதிதாக எடுத்துக்கொண்டு போனால், எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏதோ ஒரு கோப்பு அங்கே இருக்காது. மென்பொருள் திறக்கும்போதே செத்துவிடும். அதைச் சரிசெய்தால் தமிழ் எழுத்துரு இருக்காது. நோயாளிகளின் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளும் கட்டங்களுமாக அச்சாகும். எங்கள் அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். "இங்க நல்லாத்தானே ஓடுது" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை தொலைபேசியில் சொன்னேன் என்று தெரியாது. இருபத்து நான்கு வயதில் எனக்கு அப்படி ஒரு அலுப்பு வந்திருந்தது. தொலைபேசி மணி அடித்தால் மறுமுனையில் இருப்பவர் தப்பு செய்திருக்கிறார் என்றே முதலில் தோன்றும்.

அந்த வருடம் ஜனவரிக் கடைசியில் சிஸ்டரின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயந்திரத்தைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். நான் போய் எங்கள் மென்பொருளை மறுபடி ஏற்றினேன். பிப்ரவரி மூன்றாம் தேதி சனிக்கிழமை, நல்ல கூட்டம், சீட்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் போன் செய்தார்.

"தம்பி, நாலு வாரம் கழிச்சு வரச்சொன்னா உங்க மிசினு மே மாசம் வான்னு போடுது. இன்னா இது?"

"தேதிய மாத்தி அடிச்சிருப்பீங்க சிஸ்டர். மறுபடி அடிச்சுப் பாருங்க."

"மூணு தபா அடிச்சிட்டேன் தம்பி."

"இங்க நல்லாத்தான் ஓடுது" என்றேன்.

அந்த வாரம் மூன்று முறை கூப்பிட்டார். ஒரு முறை நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கடைசியில் டாக்டரே முதலாளியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டபிறகுதான் பஸ் ஏறினேன். அன்று இருபத்திரண்டாம் தேதி. அன்றைய தேதியைப் போட்டு அவர் கண் முன்னாலேயே ஐந்து சீட்டு எடுத்துக் காட்டினேன். ஐந்தும் சரி. அப்போதுதான் அவர் அந்தக் கற்றையை எடுத்து வைத்தார்.

"பன்னெண்டாந்தேதி வரைக்கும் தப்பா வருது. பதிமூணுலேர்ந்து சரியா வருது. அத்த பாரு தம்பி."

நான் சிரித்தேன். இன்றும் அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கம்ப்யூட்டருக்கு நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் தெரியாது சிஸ்டர் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார்.

"திங்கக்கெழமைலேர்ந்து நான் பாத்துப் பாத்துத் திருத்திக் குடுத்துகினு கீறேன். சனிக்கெழமை போனவங்கள நெனச்சாதான் பயமா கீது. பிப்ரவரி மாசத்துப் பேரையெல்லாம் எடுத்தா மூணாந்தேதி ஆருமே வரலன்னு சொல்லுது மிசினு. அன்னிக்கி ஒக்கார எடமில்லாம கூட்டம்."

கம்ப்யூட்டர் வந்தபின் எதற்கு நோட்டு என்று டாக்டர் அதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். ஆகவே சனிக்கிழமை வந்தவர்கள் யார் யார் என்று அவருக்கு வேறு வழியில் தெரியாது. வைரஸ் வந்த இயந்திரம், ஒரு நாள் விவரம் அழிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பிடிபட்டிருக்கும். சனிக்கிழமையின் விவரம் எதுவும் அழிந்திருக்கவில்லை. மார்ச் இரண்டாம் தேதி என்ற பெயரில் அந்தப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. நான் பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

மார்ச் நடுவில் அவரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை மிசின் என்ற சொல்லே இல்லை.

"தம்பி, மூணாந்தேதி வந்தவ ஒருத்தி கெடச்சிட்டா. நீ வந்து பாரு."

கடலோரக் குப்பத்துப் பெண். முதல் பிரசவம். மூன்றாம் தேதி வந்தபோது ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் நான்கு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, கட்டாயம் வந்து பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மார்ச் மூன்றாம் தேதி வந்திருக்கவேண்டும். சீட்டு முப்பதாம் தேதி என்றது. மாத்திரை தீர்ந்தது. கால் வீங்கியது, தலைவலி வந்தது. கம்ப்யூட்டரே முப்பது என்று போட்டிருக்கிறது, அதற்குமுன் போனால் திட்டுவார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அன்று காலை வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டர் வேனில் கூடவே உட்கார்ந்து செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் போனபோது சிஸ்டர் திரும்பி வந்திருந்தார். புடவையில் மணல் ஒட்டியிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் கம்ப்யூட்டரின் தேதியைப் பிப்ரவரி மூன்றுக்கு மாற்றினேன். அவர் அடிப்பதுபோலவே மூன்று, இரண்டு என்று அடித்தேன். முப்பது மார்ச் என்று வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் நிறுவியபோது கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்திலேயே விடப்பட்டிருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. மூன்று, இரண்டு என்றால் நமக்குப் பிப்ரவரி மூன்று. அதற்கு மார்ச் இரண்டு, நான்கு வாரம் கூட்டினால் மார்ச் முப்பது. இருபத்திரண்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அப்படி வரும்போது மட்டும் அது தானாகவே நம் வழிக்கு வந்துவிடும். பன்னிரண்டாம் தேதி வரை தப்பு, பதிமூன்றிலிருந்து சரி. சிஸ்டர் சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. எந்த வழக்கத்தில் இருந்தாலும் தேதியைச் சரியாகப் படிக்கும்படி எழுதியிருக்கவேண்டியது நான். எழுதவில்லை. எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நம் வழக்கத்திலேயே இருந்ததால் எனக்கு அது தோன்றவே இல்லை.

வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்தேன். "செட்டிங்ஸ் பிரச்சினைன்னு மட்டும் சொல்லிட்டு வா. அது பொய் இல்லையே" என்றார்.

டாக்டர் தன் அறையில் எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "புரோகிராம்ல தப்பா, இல்ல இங்க யாராவது பண்ண தப்பா? அத மட்டும் சொல்லுப்பா."

"செட்டிங்ஸ் மாறியிருக்கு சார்" என்றேன்.

"யாரு மாத்தினது?"

நான் குனிந்து பையின் வாயை மூடினேன். டாக்டர் மெதுவாக முகத்தைத் திருப்பிச் சிஸ்டரைப் பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் அங்கே அவர் ஒருவர்தான். சிஸ்டர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்களில் நான் செய்தது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. தேதி படிக்கும் பகுதியைத் திருத்தி எழுதினேன். அடுத்த பதிப்பில் கொடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னதைக் கேட்காமல், பிளாப்பிகளைத் தூக்கிக்கொண்டு மற்ற ஏழு மருத்துவமனைகளுக்கும் போனேன். மதுராந்தகம், திருப்போரூர், பொத்தேரி என்று ஒவ்வொரு இடத்திலும் எங்கள் தப்பு என்று வாய்விட்டுச் சொன்னேன். அங்கே சொல்வது சுலபமாக இருந்தது. அங்கே ஒன்றும் நடந்திருக்கவில்லை. சொல்லவேண்டிய ஒரே இடத்துக்கு மட்டும் போகவில்லை. திருத்திய பிளாப்பியைக்கூட வேறொருவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் திரும்பி வந்து, சிஸ்டரை நிறுத்திவிட்டார்களாம், அங்கே இப்போது வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். நானும் அந்த வேலையில் நீடிக்கவில்லை.

எட்டு ஒன்பது வருடம் கழித்து, திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. அணுபுரத்தில் ஒரு வயதான தம்பதியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு எந்த நர்சிங் ஹோமிலும் அவரைச் சேர்க்கவில்லையாம். பேச்சு எங்கும் பரவிவிட்டது. நான் தயங்கித் தயங்கி, தப்பு எங்களுடையது சிஸ்டர் என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. நீ வாயத் தொறப்பன்னு பாத்துகினே இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபத்துக்குக்கூடத் தெம்பில்லாத குரல். பிறகு, "மத்த எடத்துல எல்லாம் சரி பண்ணியா?" என்று கேட்டார்.

"பண்ணிட்டேன் சிஸ்டர். எல்லா எடத்துலயும் எங்க தப்புன்னு சொன்னேன்."

"எங்க டாக்டர்கிட்ட?"

"அங்க மட்டும் போகல சிஸ்டர்."

"அந்தப் பொண்ணுக்கு அப்புறம் ரெண்டு புள்ள பொறந்துச்சி. அதுல மூத்த புள்ளப் பிரசவத்துக்கு வூட்டுக்கு வந்து என்னக் கூட்டிகினு போனா. அவ என்ன நம்புனா" என்றார் சிஸ்டர். பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "டாக்டரு இன்னும் அங்கதான் ஒக்காந்துகினு கீறாரு. போயி சொல்லு."

மறுநாளே போனேன். நர்சிங் ஹோம் இரண்டு மாடியாக வளர்ந்திருந்தது. வாசலில் மூன்று பெண்கள் மூன்று கம்ப்யூட்டர்களில் தட்டிக்கொண்டிருந்தார்கள். டோக்கன் வாங்கி, நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் யார் என்று சொன்னேன். தேதி எப்படிப் புரண்டது, அதை யார் முதலில் கண்டுபிடித்தது, யார் காது கொடுத்துக் கேட்கவில்லை, அன்று இந்த அறையில் நான் எதைச் சொல்லாமல் போனேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "எந்த சிஸ்டருப்பா? எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க."

நான் சிஸ்டரின் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை. கதவைத் திறந்து அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் உள்ளே வந்து நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னேன்.