குழாயின் வாய் கோணலாகவே இருக்கட்டும்

இன்று காலை எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுச் சமையலறைக் குழாயை மாற்ற வந்த பிளம்பர், வெள்ளை டேப்பை எடுத்துக் குழாயின் மரையில் சுற்ற ஆரம்பித்தார். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா பெர்சு, சூப்பர்வைசரா நீ?" என்றார் பிளம்பர். அப்பா சிரிக்கவில்லை.

அந்த டேப்புக்கு வாசனையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? நான் வளர்ந்த இடத்தில் குழாய் வேலை என்றால் பெயின்ட் கடைபோல எண்ணெய் மணக்கும். மரையில் சணலைச் சுற்றி, மேலே வெள்ளைப் பசையை அப்புவார்கள். மயிலாப்பூரில் ஒரு சந்து. வீட்டுக்கார மாமாவின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறைகள். எல்லாருக்கும் சேர்த்து அவர் வீட்டுப் பின்சுவரில் ஒரே குழாய். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அப்பாதான் அதற்கு ரிப்பேர்காரர். அவராக எடுத்துக்கொண்ட பதவி. பூ விற்கும் பக்கத்து அறை கஸ்தூரி அக்கா அதற்காக அம்மாவுக்கு ஒரு முழம் கிள்ளித் தருவார்.

ஒரு மழைக்காலத்தில் மாமா வந்து நின்றார். "சுவரெல்லாம் ஊறிண்டு இருக்கு. இப்படியே போனா இடிச்சுட வேண்டியதுதான். ஒழுகறது நின்னா பாக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவாராம்.

அந்தப் 'பாக்கலாம்' எங்களுக்குப் போதுமாக இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். வண்டி நிற்க இடமும் அந்தத் தெருவில்தான்.

இந்தத் தடவை சணல் வேண்டாம், புதுசாகச் செய்யலாம் என்று அப்பா டேப் வாங்கி வந்தார். "இன்னா எழுதிக்கீது, படி" என்று என்னிடம் நீட்டினார். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன், கம்பெனி பெயரையும் நீளத்தையும் உரக்கப் படித்தேன். வேறொன்றும் அதில் இல்லை. அப்பா என்னவோ பெரிய ரகசியம் கிடைத்தமாதிரி தலையாட்டினார்.

சனிக்கிழமை சுற்றி முறுக்கினார். ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். கஸ்தூரி அக்காதான் குடத்தோடு வந்து, "வாய் கோணிக்கினு கீதேண்ணா, கொடம் எங்க வெக்கிறது? உன் தலையிலயா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்துக்கொண்டே குழாயைக் கொஞ்சம் பின்னால் திருப்பி நேராக்கினார். சணல் என்றால் அப்படித் திருப்பலாம். ஊறி, உப்பி, பிடித்துக்கொள்ளும். டேப் பிடிக்காது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஞாயிறு காலை மாமா வந்தபோது மரையடியில் ஒரு சொட்டு திரண்டு, சுவரில் வழிந்தது.

"இன்னும் நிக்கலையேப்பா" என்றார். அவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சாமான் ஏற்றும் அன்று டீக்கடையில் வீட்டு புரோக்கர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த எடம் பிளாட் கட்டறவனுக்குன்னு போன தீபாவளிக்கே பேசி முட்ச்சது தம்பி." அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தன்னைத் தேற்ற வருகிற ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நான் திருப்பாம இருந்திருக்கணும்டா" என்றார்.

பிறகும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். படித்து, தரமணியில் வேலைக்குப் போய், ஊருக்கெல்லாம் புரியும்படி பேசத் தெரிந்த எனக்கு, இந்த ஒன்றை என் அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அம்மா போன பிறகு அவருக்கு நேற்றும் இன்றும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. அந்தச் சொட்டு மட்டும் குழம்பவில்லை.

இன்று பிளம்பர் முறுக்கி முடித்தபோது குழாய் லேசாகக் கோணியிருந்தது. அவர் மறுபடி ஸ்பேனரை எடுத்ததுமே அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "திருப்பாத. அப்டியே உட்ரு."

"சரி நைனா, உட்டுட்டேன், கைய எடு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அப்பா மரையடியில் விரலை வைத்துத் தடவி, என் முகத்துக்கு நேராக நீட்டினார். காய்ந்த விரல்.

"பாத்தியா? ஒரு சொட்டு இல்ல. போய் மாமாவாண்ட சொல்லிட்டு வா, போ."

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கஸ்தூரி அக்கா ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்குப் போனதோடு சரி; எப்போது கூப்பிட்டாலும் அவர் தந்த எண் உபயோகத்தில் இல்லை. குழாய் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கின்றன.

"சரிப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.