லாரிக்காரியின் முடிச்சு

பிழைக்க வந்த நாட்டில் குடும்பத்தோடு முதல் முகாம். ஏரிக்கரையில் கூடாரத் துணியை இறக்கியபோதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடாரக் கம்பிகள் வீட்டுக் குளியலறையிலேயே இருந்தன. வெளியே துணிக்கொடி கட்ட வீட்டுக்காரர் விடாததால், அவற்றில்தான் துணி காயப்போடுவான்.

"கம்பி இல்லாம கூடாரமாப்பா?" என்று மகளும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சரக்கு லாரி ஓட்டும் மனைவி காரில் கிடந்த கயிற்றை எடுத்தாள். தினமும் தார்ப்பாய் கட்டுகிற கை. ஒரு முனை காரில், மறுமுனை மரத்தில், நடுவே கூடாரத் துணி. கால் மணி நேரத்தில் கூடாரம் விறைப்பாக நின்றது.

பிள்ளைகள் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தவில்லை.

"போதும்" என்றாள் அவள். "அந்தக் கம்பியில காயறது உங்க யூனிஃபார்ம்தான். தினமும் துவைச்சுப் போடறது யாரு?"