செத்த காலேஜில் எங்கள் வயக்காட்டுக்காரி

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால், என் மகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாளா என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். சென்னை மியூசியத்தில், பாடம் செய்த புலிக்கும் கரடிக்கும் நடுவே சிறு வயதில் முகர்ந்த வாசனை அது. சனங்கள் அந்த இடத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். கல்லும் தாதுப்பொருளும் சேர்க்கவென்று வெள்ளைக்காரர் தொடங்கிய இடம், பிறகு திமிங்கல எலும்புக்கூடு, பழைய வாள்கள், கோயில் சிலைகள் என்று வளர்ந்துகொண்டே போனதாம்.

அவற்றில் ஒரு சிலை எங்கள் வயலில் கிடைத்தது. தென்காசிக்கு வெளியே கிணறு தோண்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்ட செப்பு அம்மன். சர்க்கார் எடுத்துப் போகும்வரை சில நாள் எங்கள் களத்தில் நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தம்பிக்குக் காய்ச்சலில் கைகால் வெட்டி இழுப்பு வந்தது. அவன் பிழைத்தால் குற்றாலத் தண்ணீரால் அவளைக் குளிப்பாட்டுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். தம்பி பிழைத்தான், அதற்குள் அம்மன் ரயிலேறிவிட்டாள். பிறகு அவனுக்கு உடம்பு சுட்டபோதெல்லாம் இழுப்பு வந்தது. அம்மா அடுப்படிக்கும் அவன் பாய்க்குமாக நடந்துகொண்டே இருப்பாள். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

“சாமி கும்பிட மெட்ராசுக்கு டிக்கெட் எடுக்கிற கிறுக்கன் நான் ஒருத்தந்தாம்லே” என்று என்னிடம் புலம்பியபடி அப்பா ஒருநாள் எங்களை ரயிலேற்றினார். ஐந்தருவித் தண்ணீர் நிரப்பி வாயில் துணி கட்டிய செம்பை, வழி நெடுக அம்மா மடியிலிருந்து இறக்கவில்லை.

திமிங்கலத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சிலைக் கூடத்தில் அம்மனைக் கண்டதும் செம்பின் துணியை அவிழ்த்தாள். காவலாளி ஓடிவந்தார்.

“தண்ணி கிண்ணி ஊத்தாதம்மா, என் வேலை பூடும். இது சாமி இல்ல, பொம்மை.”

“அண்ணாச்சி, இவ எங்க வயக்காட்டுக்காரி. மூணு வருசமா குளிக்காம நிக்கா. பொம்மைன்னா நீரு எதுக்கு செருப்பக் கழத்திப் போட்டுட்டு நிக்கீரு?”

அவர் தம் வெறுங்காலைப் பார்த்தார், ஆனாலும் நகரவில்லை. அம்மா ஒரு கணம் தவித்தாள். பிறகு தம்பியைச் சிலைக்கு நேரே நிறுத்தி, செம்புத் தண்ணீர் முழுவதையும் அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் அலறிய அலறலில் கூடமே திரும்பிப் பார்த்தது. தண்ணீர் தரையில் ஓடிப் பீடத்தின் அடியைத் தொட்டபோது அம்மா முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

தம்பிக்கு அப்புறம் இழுப்பு வரவில்லை. வயதேறினால் நின்றுவிடும் என்பார் டாக்டர்.

போன வாரம் என் மகளுக்கு அதே இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் தூங்குகிறவளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்புக்கொள்ளாமல் நேற்று அவளைச் செத்த காலேஜுக்கு அழைத்துப் போனேன். அம்மா இப்போது இல்லை; ஊரில் கிணறும் தூர்ந்துவிட்டது. அம்மனைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். காவலாளி பூட்ஸ் போட்டிருந்தார்.

“யாருப்பா இது?” என்றாள் மகள்.

பக்கத்தில் விவர அட்டை இருந்தது. படித்தவன் நான், அதை வாசித்துக் காட்டியிருக்கலாம்.

“நம்ம வயக்காட்டுக்காரி” என்றேன். சொல்லிவிட்டு, மறுபடியும் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.