ராகு காலத்தில் நின்ற வெளியீடு

திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘நேரம் உகந்ததல்ல, காத்திருக்கவும்.’ புதிய நிரலை ஏற்க மறுப்பதற்குக் கணினிகளுக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. ராகு காலம் என்று சொல்லி மறுத்த கணினி, எனக்குத் தெரிந்து, தல்லாகுளத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் மட்டும்தான் இருந்தது. அந்த வரியை எழுதியவள் எங்கள் இன்ஜினியர் பெண். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், அவளே அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அவள் தெற்குவாசல் பக்கம் பூட்டுக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் வருவதற்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் புதிய நிரலை வெளியிடுவது என்றால், யாராவது ஒருவர் சர்வருக்குள் நுழைந்து கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்துப் போடுவார், ஒன்றை மறப்பார், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து தேடுவோம். அவள் வந்து அத்தனையையும் தானியங்கி ஆக்கினாள். எழுதியதை நிரல்களைச் சேமிக்கும் களஞ்சியத்தில் சேர்த்தால் போதும், இயந்திரமே தொகுத்து, சோதித்து, சர்வரில் ஏற்றிவிடும். மனிதர்கள் நேரடியாக உள்ளே நுழையும் வழிகளையும் அவள் அடைத்தாள். நடைமுறைகளைக் கவனிக்கும் அதிகாரி என்ற முறையில் நான் அதைப் பாராட்டிக் குறிப்பு எழுதினேன். சோதனைகளைத் தாண்டிப் போக எவருக்கும் வழி இருக்கக்கூடாது என்ற விதியும் நான் சேர்த்ததுதான். சரியான விதி. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் எம்.டி.க்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒரே ஒரு குறை தவிர. இயந்திரம் பாட்டுக்கு ராகு காலத்தில் எதையாவது வெளியிட்டுவிட்டால்? அதற்கும் ஒரு தடை வைக்கச் சொன்னார். அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். “சார், ராகு காலம்னா எந்தக் கிழமைக்கு எத்தனை மணி?” நாள்காட்டியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெள்ளிக்குப் பத்தரை முதல் பன்னிரண்டு. எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டாள்: “எமகண்டம் வேணாமா சார்?”

“மெதுவாப் பேசும்மா. அவர் காதுல விழுந்தா அதையும் சேக்கச் சொல்லிருவாரு.”

அவசரத்துக்கு ஒரு விலக்கு வேண்டும் என்று மட்டும் அவள் பிடிவாதமாகக் கேட்டாள். கிடைத்தது. ஆனால் தடையை விலக்கும் பொத்தான் எம்.டி.யின் கணக்கில் மட்டும் இருந்தது. “அவசரம்னு சொல்லித்தான் எல்லாரும் ராகு காலத்துல கையை வைப்பாங்க” என்றார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்குக் கடைசி நாள். விண்ணப்பத் தளம் நாங்கள் நடத்தியது. கூலி விவசாயக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு, அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மட்டும், மேற்படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கும் உதவி அது. நண்பகலோடு தளம் மூடிக்கொள்ளும். காலையில் நல்ல நேரம் பார்த்து நாங்கள் வெளியிட்ட ஒரு சிறு மாற்றம், மதிப்பெண் பட்டியலை ஏற்றும் பக்கத்தை உடைத்துவிட்டது. பதினொரு மணிவாக்கில்தான் தெரிந்தது. முதலில் கூப்பிட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், மகளோடு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தார். “மார்க் சீட்டை ஏத்தினா சுத்திக்கிட்டே இருக்கு தாயி. இம்புட்டு நேரமா உக்காந்திருக்கோம். புள்ள அழுகுது.”

“எங்கயும் போயிராதீங்கண்ணே. இந்தா சரி பண்ணிர்றேன்” என்றாள் இவள். பிழை ஒரு வரிப் பிழை. திருத்தி அனுப்பினாள். சிவப்புக் குறி வந்து நின்றது.

எம்.டி.யின் போன் அணைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் அவர் வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கோவிலில் துர்க்கைக்கு முன்னால் இருப்பார்; அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அறக்கட்டளைக்குப் போன் போட்டோம். கடைசி நேரத்தைத் தள்ளிவைக்க அவர்களுடைய குழு கூட வேண்டுமாம். “சார், நீங்க போய்ட்டு வாங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டாரு” என்றாள். ஸ்கூட்டரை எடுத்தேன். வைகைப் பாலத்தில் பேருந்துகளுக்கு நடுவில் சிக்கி, என் வயதுக்குப் பொருந்தாத வார்த்தைகளை எல்லாம் உபயோகித்தேன்.

எலுமிச்சை விளக்கு ஏற்றும் பெண்கள் கூட்டத்துக்கு அப்பால், தூணோரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, “பன்னெண்டு ஆகட்டும்” என்றார்.

“பன்னெண்டுக்குத்தான் மூடுது சார்.”

“அதுக்கு நான் என்ன செய்ய? ராகு காலத்துல ஒண்ணத் தொடங்கச் சொல்றீங்களா?”

ஆயுள் முழுவதும் விதிகளுக்குள் சந்து தேடியவன் நான். “தொடங்கத்தான் சார் கூடாது. தொடங்குனதைத் தொடரலாம். காலையில நல்ல நேரத்துல தொடங்குன வேலை இன்னும் முடியல. இது அதோட மிச்சம்.”

கண்ணைத் திறந்தார். துர்க்கையை ஒருமுறை பார்த்தார். போனை உயிர்ப்பித்து, சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்து, ஒருவழியாகப் பொத்தானை அழுத்தினார். நான் அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டேன். “ஓட ஆரம்பிச்சிருச்சு சார்” என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், “டெஸ்ட் எல்லாம் முடியணும் சார்.” முடியத்தான் வேண்டும். தாண்டிப் போக வழி இல்லை.

நான் அலுவலகம் திரும்பியபோது கடைசிச் சோதனை பச்சையானது. திருத்தம் தளத்தில் ஏறியது. இவள் போனில் கத்தினாள்: “இப்பப் போடுங்கண்ணே! இப்ப ஏறும்!” ஏறியது. மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்ததை எங்கள் திரையிலேயே பார்த்தோம். அவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போவதற்குள் பன்னிரண்டானது. விண்ணப்பங்களை மூடும் வேலையும் அவள் தானியங்கியாக அமைத்ததுதான். அது மட்டும் யாருடைய அனுமதியையும் கேட்காமல், ஒரு நொடி தவறாமல், மூடிக்கொண்டது. அறக்கட்டளையிடம் மறுபடி மன்றாடினோம். குழு கூடி, விதிப்படி இடமில்லை என்று எழுதி அனுப்பியது. பிழையில்லாத கடிதம், நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ராகு காலத் தடையை நீக்கும் மாற்றத்தை அடுத்த வாரம் நல்ல நேரம் பார்த்து வெளியிட்டோம். இப்போது நான் ஓய்வுபெற்றுப் பசுமலையில் இருக்கிறேன். அவள் வெளியூரில் பெரிய நிறுவனமொன்றில் இருக்கிறாள். அங்கே நாளுக்குப் பல தடவை, எந்த நேரத்திலும் வெளியிடுகிறார்களாம். பெருநாளுக்கு நான் கூப்பிடுவேன், பொங்கலுக்கு அவள். எல்லாவற்றையும் பேசுவோம். அன்று மதியம் வந்த போனைப் பற்றி மட்டும் இருவருமே பேசியதில்லை.

தளம் மூடிய கொஞ்ச நேரத்தில் அந்தத் தகப்பன் மறுபடி கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. “அடுத்த வருசம் போடலாமா தாயி?” என்று கேட்டார். முடியாது என்று அவள் சொன்னாள். “என்னதாம்மா கோளாறு?” என்றார். சர்வர் பழுது என்று சொல்லிவிடு என்று நான் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, “ராகு காலம்னு நாங்கதான் நிறுத்தி வச்சிருந்தோம்ணே” என்றாள்.

மறுமுனையில் பின்னால் அந்தப் பெண் அப்பாவிடம் ஏதோ கேட்பது மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்:

“நாங்களும் ராகு காலத்துக்கு முன்னாடியே வீட்டை விட்டுக் கெளம்பிட்டமே தாயி.”